ஒன்பது வீட்டுச் சந்தில் ஓர் எக்கோ வில்லேஜ்: நாங்கள் செய்த விதம்

நான் தையல்காரி. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் ஒரு முட்டுச்சந்து, ஒன்பது வீடு, அதில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா செங்கம் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். சந்தில் நாலு வீடு தமிழ், மூன்று கன்னடம், ஒன்று மலையாளம், ஒன்று வாடகைக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும். யாருக்கும் தோட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒரு முழம் மண் கிடையாது. ஆனாலும் இரண்டரை வருடமாக எங்கள் சமையலறைக் குப்பை சந்தைத் தாண்டவில்லை. போன கோடையில் இரண்டு வீடு டேங்கரே கூப்பிடவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன்.

ஒரு தடவை போய்த் தங்குங்கள்

எக்கோ வில்லேஜ், அதாவது சூழலைக் கெடுக்காமல் சேர்ந்து வாழும் ஊர், என்றால் சோலார் பலகை, மண் வீடு, மூங்கில் குடிசை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மகள் பிடிவாதமாக என்னை ஆரோவில் பக்கம் ஒரு காட்டுப் பண்ணைக்கு மூன்று வாரம் அனுப்பிவைத்தாள். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டில் மரங்கள் மிகக் குறைவு. மழை பெய்தால் செம்மண்ணை அரித்துக்கொண்டு நேராகக் கடலுக்குப் போகும். அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் மரம் நட்டார்கள், கூடவே நீரை மறிக்க வரப்பு போட்டார்கள். நாங்கள் இருந்த பண்ணையிலும் காலை வேலை அதுதான்: மண்வெட்டி, வரப்பு, கன்றுக்கு மூடாக்கு (மண் காயாமல் மேலே பரப்பும் சருகு). பாத்திரம் கழுவச் சாம்பலும் தேங்காய் நாரும்.

என்னை அசத்தியது காடு இல்லை. சமையலறை வாசலில் மாட்டியிருந்த கரும்பலகை. யார் இன்று காய் நறுக்குவது, யார் கழிப்பறைக்கு மரத்தூள் நிரப்புவது, யார் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, எல்லாம் பேர் போட்டு எழுதியிருக்கும். வாரக் கூட்டத்தில் பாதி நேரம் பாத்திரம் கழுவும் முறையைப் பற்றித்தான் பேச்சு. ஜெர்மன்காரர் ஒருவர் அதற்காக முகம் சிவந்து நின்றதைப் பார்த்துச் சிரித்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. எங்கள் தாத்தா ஏரிக்கு நீர்க்கட்டி, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை மடை திறக்க வேண்டும் என்ற முறை அவர் தலைக்குள் இருந்தது. வருடம் ஒரு தடவை வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை மண் போட்டு உயர்த்துவார்கள், குடிமராமத்து. இங்கே கன்னடத்திலும் அதே ஆளை நீருகண்டி என்கிறார்கள். முறை வைத்துக்கொள்ளத் தெரிந்த ஊர்தான் ஏரியைக் காப்பாற்றியது. எக்கோ வில்லேஜ் என்பதும் அதேதான், பேர் மட்டும் புதிது.

ஆகவே முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். 192 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள், போதும்.

முறை நோட்டு

குப்பை டிரம்மைப் பார்த்துக்கொள்ள நாங்கள் முதலில் ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது நாள் என்று சுற்று விட்டோம். பார்க்க நியாயமாக இருந்தது, ஆனால் ஒரு மாதம்கூட ஓடவில்லை. இந்த வாரம் திங்கள் வந்த முறை அடுத்து புதனுக்குப் போகும், யாருக்கும் ஞாபகம் நிற்காது. பிறகு மாற்றினோம்: ஏழு வீட்டுக்கு ஏழு கிழமை, அந்தக் கிழமை அந்த வீட்டுக்கே சொந்தம். மீதி இரண்டு வீட்டுக்குச் சருகு சேர்க்கும் வேலை. செவ்வாய் என்றால் ஆறாம் வீடு, சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

தவறினால் அபராதம் வேண்டாம். அபராதம் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று சிலர் நிம்மதியாகிவிடுவார்கள். நாள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றியதை நோட்டில் அவர்களே எழுத வேண்டும். பொதுச் செலவுக்கு மாதம் வீட்டுக்கு 50 ரூபாய். கூட்டம் மாதம் ஒன்று, முக்கால் மணி நேரம், நின்றுகொண்டே. நாற்காலி போட்டால் பழைய பார்க்கிங் சண்டையெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குப்பை

இதில்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் குப்பை தினமும் வருகிறது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மண்டூர் மறக்காது. நகரத்துக் குப்பையெல்லாம் ஓல்ட் மெட்ராஸ் ரோடு வழியாக அந்தக் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் போராடி, 2014 கடைசியில் அங்கே கொட்டுவது நின்றது. அடுத்த வருடம் ஹைகோர்ட் உத்தரவில் ஈரக் குப்பைக்குப் பச்சை வாளி, டயபர், நாப்கின் போன்ற கழிவுக்குச் சிவப்பு வாளி, உலர் குப்பைக்குப் பை என்று வந்தது. நாங்கள் அந்தப் பச்சை வாளியை மட்டும் எங்களோடு வைத்துக்கொண்டோம்.

தேவையானது நாலு நீல டிரம், 200 லிட்டர். சுற்றிலும் அடியிலும் அரை அங்குல ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். எங்கள் சந்துக்கு ஒரு டிரம் நிரம்ப மூன்று வாரம். நாலாவது நிரம்பும்போது முதல் டிரம் ஒன்பது வாரம் ஆறியிருக்கும், திறந்தால் மண் வாசனை வரும்.

காலை எட்டு மணிக்குள் வாளி டிரம்முக்கு வந்துவிட வேண்டும். முறைக்காரர் கொட்டி, ஒரு வாளி ஈரத்துக்கு இரண்டு வாளி சருகு போட்டு, கம்பியால் கிளறி, மேலே சருகாலேயே மூடிவிடுவார். பத்து நிமிஷ வேலை. முதல் தடவை மட்டும் புளித்த மோர் அரை லிட்டர் தெளித்தோம். அதற்கென்று விற்கிற பொடி எதுவும் வாங்கவில்லை.

சருகுதான் உயிர். ஜனவரி முதல் மார்ச் வரை ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரங்கள் பொடிப்பொடியாக இலை உதிர்க்கும், அதைக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். காலையில் பெருக்க வரும் அம்மாவிடம் காலி சிமென்ட் மூட்டைகளைக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, கொளுத்தாமல் நிரப்பித் தரச் சொன்னோம். வருடத்துக்கு நாற்பது மூட்டை பிடித்து மாடிப்படி அடியில் அடுக்கிவிடுகிறோம். மழைக்காலத்தில் சருகு தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் ஈரமாக இருக்கும்.

சரியாக வேகிறதா என்று பார்க்க இரண்டு வழி. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். இரண்டாவது, ஓர் இரும்புக் கம்பியை நடுவில் சொருகி ஐந்து நிமிஷம் விட்டு உருவித் தொடுங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது. மூத்திர வாடை வந்தால் ஈரம் அதிகம், சருகு குறைவு. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றுப் போகவில்லை, கிளறுங்கள். தடித்த பழுப்புப் புழு நெளிந்தால் அலற வேண்டாம், அது கருப்பு ஈயின் புழு, நமக்கு வேலைக்காரன். மலையாளத்துச் சேச்சி அதைப் பொறுக்கித் தன் நாலு கோழிக்குப் போடுகிறார்.

எங்களுக்கும் ஒரு தடவை மானம் போயிற்று. மூன்றாம் வீட்டு வளைகாப்பில் மிஞ்சிய சாம்பார் சாதமும் பிரியாணியும் முப்பது கிலோ இருக்கும், ராத்திரியோடு ராத்திரியாக ஒரே டிரம்மில் கவிழ்த்துவிட்டோம். நான்தான் "போடுங்கள், பரவாயில்லை" என்றேன். மூன்றாம் நாள் நாற்றம் மெயின் ரோடு வரை போய்விட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து சண்டைக்கே வந்துவிட்டார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, டிரம்மைத் தரையில் கவிழ்த்து, ஆறு மூட்டைச் சருகோடு கலந்து திரும்பப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. எண்ணெயும் உப்பும் சேர்ந்த சமைத்த சாப்பாடு வீட்டுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். விசேஷம் என்றால் மிச்சத்தைச் சூட்டோடு சாப்பிட ஆள் பாருங்கள்.

தண்ணீர்

இங்கே குழாயில் வரும் காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் தொரேக்காடனஹள்ளியிலிருந்து பம்ப் அடித்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். அந்த மாதம்தான் எங்கள் சந்தில் மழையைப் பற்றிப் பேச ஆள் சேர்ந்தது.

கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். இந்த ஊருக்கு வருடத்தில் சுமார் 970 மில்லிமீட்டர் மழை. சிந்தியது, ஆவியானது போக ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலும் 72,000 லிட்டர், அதாவது 6,000 லிட்டர் டேங்கர் பன்னிரண்டு. எதிர்வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி), மண்டியாக்காரர், இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "பன்னிரண்டு டேங்கரை இத்தனை நாள் சாக்கடைக்கா விட்டோம்?" என்றார். அடுத்த வாரமே பிளம்பரைக் கூட்டிவந்தார்.

நாலு வீட்டு மொட்டை மாடியின் மழைக் குழாய்களை இரண்டு இடத்தில் சேர்த்தோம். முதல் மழை மாடியைக் கழுவும் மழை, அதை வெளியே விட கீழே ஒரு மூடி வைத்த குழாய் இருக்க வேண்டும். பிறகு ஜல்லி, மணல் போட்ட டிரம் வழியாகத் தொட்டிக்கு. நிரம்பி வழிவது ரீசார்ஜ் கிணற்றுக்கு. மூன்றடி அகலம், இருபதடி ஆழம், சிமென்ட் உறை இறக்கியது. அதில் நாலாயிரம் லிட்டர் நிற்கும், நின்று மண்ணுக்குள் இறங்கும். தோண்டத் தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். மூன்று பேர், ஒரு கயிறு, ஒரு குட்டைப் பிடிக் கடப்பாரை. மண்ணின் நிறத்தைப் பார்த்தே எங்கே நீர் இறங்கும் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டு வாசலில் தோண்டலாம் என்று நான் ஆசைப்பட்டேன். ஒருவர் குனிந்து மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, களி என்று கையை உதறிவிட்டார்.

பாத்ரூம் தண்ணீரை இந்தக் கிணற்றுக்குள் எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள். துணி அலசிய தண்ணீரைக் கல்வாழைக்கு விடலாம்.

சோப்புக்குப் பதில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைப் புளிக்கவைத்து என்சைம் என்கிற கழுவுநீர் செய்வதைப் பலர் கேட்கிறார்கள். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து, மூன்று மாதம். பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். நான் கண்ணாடி ஜாடியில் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது அலமாரி முழுக்கக் கண்ணாடிச் சில்லும் எறும்பும்.

சனிக்கிழமைப் பள்ளிக்கூடம்

தெரிந்தவர் தெரிந்ததைச் சொல்லித் தருவது, மாலை நாலரை முதல் ஆறு வரை. ஆளை வெளியிலிருந்து கூப்பிடாதீர்கள், முதல் வருடமாவது. எங்கள் சந்திலேயே எவ்வளவு இருக்கிறது என்று நோட்டில் எழுதியபோது இரண்டு பக்கம் வந்தது. அஜ்ஜி கேழ்வரகை வருடக்கணக்கில் சேர்த்துவைக்கும் விதம் காட்டினார். முனையில் கட்டும் கட்டடத்து வாட்ச்மேன், யாத்கிர்காரர், சோள ரொட்டியைக் கட்டை இல்லாமல் கையாலேயே தட்டிக் காட்டினார், பி.காம். படித்த நாலு பேர் தோற்றுப்போனார்கள். நான் பழைய புடவையில் காய்கறிப் பை தைக்கக் கற்றுத் தருகிறேன். இப்போது சந்தில் நூல் கோக்கத் தெரியாத ஆண்பிள்ளை இரண்டு பேர்தான்.

பிள்ளைகளுக்கு அளக்கிற வேலை கொடுங்கள். நேர்ச்சுவர் பாட்டில் ஒன்றை வெட்டி, ஸ்கேல் ஒட்டி மழைமானி செய்தார்கள். போன செப்டம்பரில் ஒரு சாயந்திரம் 36 மில்லிமீட்டர். ஏழாவது படிக்கும் பையன் குடையோடு மாடியில் நின்றுகொண்டு, "ஆன்ட்டி, உங்க மாடியில மட்டும் மூவாயிரத்து முந்நூத்தி நாப்பத்தெட்டு லிட்டர்!" என்று கத்தினான். அது நோட்டில் அவன் கையெழுத்திலேயே இருக்கிறது.

வாடகை வீடு

பெங்களூரில் இதுதான் பெரிய தலைவலி. பதினொரு மாத அக்ரிமென்ட், கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் சாமான் ஏறிவிடும். ஓனரிடம் பேசிப் பார்த்தோம், பலன் இல்லை. இப்போது பால் காய்ச்சும் நாளன்றே புது வீட்டுக்குப் பச்சை வாளி ஒன்று, அரை மூட்டை சருகு, அவர்கள் கிழமை எழுதிய ஒரு தாள், ஒரு டம்ளர் சர்க்கரை. முதல் மூன்று முறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூட நிற்பார். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்துவதில்லை, வாளி மட்டும் வாசலில் இருக்கும்.

இந்த மாதம் ஆறாம் வீட்டுக்கு ஓர் ஒடியா குடும்பம் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தமிழும் கன்னடமும் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. வரும் சனிக்கிழமை பக்காளா செய்து காட்டுவதாகக் கைஜாடையில் சொன்னாள். விசாரித்தால் நம்ம ஊர்ப் பழைய சோறுதான். செவ்வாய்க்கிழமை அவர்கள் முறை, எட்டு மணிக்கு நான் கூடப் போகிறேன்.