குறைந்த செலவில் முதல் கேமிங் கணினி: பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஏறத்தாழ 50,000 முதல் 60,000 ரூபாய் வரை ஒதுக்கி, 1080பி (1920 × 1080 புள்ளிகள் கொண்ட) திரையில் விளையாடுவதற்கான கணினியைப் பாகம் பாகமாக வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருகாணி முடுக்குவது, விண்டோஸ் நிறுவுவது போன்றவற்றுக்குக் காணொளிகள் ஏராளமாக இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கடைக்குப் போவதற்கு முன் தாளில் எழுதி முடிக்க வேண்டிய முடிவுகள் மட்டுமே இங்கு உள்ளன.

பலரும் பிராசஸரிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது மானிட்டர்தான். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன, 1440பி திரையிலோ 36.8 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு புள்ளிகளையும் ஒவ்வொரு நொடியும் பலமுறை வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு என்பதால், திரை பெரிதானால் செலவு முழுவதும் மேலேறிவிடும். வீட்டில் 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர் ஏற்கெனவே இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தைக் கார்டுக்குத் திருப்புங்கள்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. மொத்தத் தொகையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை இதற்கு ஒதுக்குவது என் வழக்கம். விற்பனைப் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது மிகுதியான இழப்பைத் தருவதும் இங்கேதான். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி., 6 ஜி.பி. என இரு கார்டுகள் விற்கின்றன. நினைவகம் மட்டுமே வேறு என்று தோன்றும். ஆனால் முதலாவதில் கூடா (CUDA) கோர்கள் எனப்படும் கணக்கிடும் சிறு அலகுகள் 2,560, இரண்டாவதில் 2,304. நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது. 6 ஜி.பி. கார்டு 70 வாட்டில் இயங்குவதால், பழைய அலுவலகக் கணினியில் தனி மின்கம்பி இல்லாமல் செருக விரும்புபவருக்கு அது நல்ல தேர்வு. புதிதாகக் கட்டுபவருக்கு அல்ல. இந்த வரம்பில் நான் பரிந்துரைப்பது 8 ஜி.பி. நினைவகமும் 132 வாட் மின்தேவையும் கொண்ட, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ் 6600. பிளெண்டர் போன்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளிலும் வேலை செய்பவர்கள் மட்டும் என்விடியா பக்கம் செல்லலாம். 4 ஜி.பி. கார்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இன்றைய விளையாட்டுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிராசஸரில் ஆறு கோர் (கணக்கிடும் அலகு), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) போதுமானது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600, இன்டெல்லின் கோர் ஐ5 12400எஃப் ஆகிய இரண்டும் அந்த அளவின. பணம் போதாவிட்டால் நான்கு கோர் கொண்ட ஐ3 12100எஃப். பெயரின் கடைசியில் வரும் எஃப் என்ற எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் வசதி இல்லை என்று பொருள். ரைசன் 5 5600இல் அந்த எழுத்து இல்லாவிட்டாலும் அதிலும் அந்த வசதி இல்லை. கார்டு செருகாமல் திரையில் எதுவும் தெரியாது. கார்டைச் சில மாதங்கள் கழித்து வாங்குவதாக இருந்தால், அந்த வசதி உள்ளேயே கொண்ட 5600ஜி எடுக்கலாம். ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகமான எல்3 கேச் அதில் 32 எம்.பி.க்குப் பதில் 16 எம்.பி. மட்டுமே, எனவே பின்னாளில் கார்டு செருகினாலும் அது 5600ஐ எட்டாது.

இனி மதர்போர்டு. என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது இந்தப் படிதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சாக்கெட் (பிராசஸர் அமரும் இடம்) பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ரைசன் 5 5600 வெளிவந்தது 2022 ஏப்ரலில். ரைசனுக்கான பி450, பி550 போர்டுகள் அதற்கு முன்பே விற்பனைக்கு வந்தவை. பழைய பயாஸுடன் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டில் பதிந்துள்ள மென்பொருள்) பெட்டியிலேயே கிடந்த போர்டில் இந்தப் பிராசஸரைப் பொருத்தினால், விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். அந்நிலையில் ரேமையும் கார்டையும் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பெட்டியின் மேல் ரைசன் 5000 தொடருக்குத் தயார் என்ற ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் பயாஸைப் புதுப்பித்துத் தரும்படி கடையிலேயே கேளுங்கள். பிராசஸர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பொத்தான் கொண்ட போர்டு சற்றுக் கூடுதல் விலையானாலும் எனக்கு அதுவே பிடிக்கும். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிய கோப்புக்குக் கையேட்டில் உள்ள பெயரை இட்டு, அதற்கென்று குறியிட்ட துளையில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு மின்னி முடியும்வரை மின்சாரம் நிற்கக் கூடாது.

இன்டெல் பக்கம் சிக்கல் வேறு வகையானது. எச்610 போர்டுகள் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற இரு ரேம் வகைகளுக்கும் தனித்தனியாக வருகின்றன. ஒன்றின் ரேம் மற்றதில் செருகாது. போர்டின் முழுப் பெயரையும் படித்த பின்னரே ரேம் வாங்குங்கள்.

ரேமைப் பொறுத்தவரை 16 ஜி.பி. ஒற்றைக் குச்சியைவிட 8 ஜி.பி. இரண்டே மேல், ஏனெனில் அப்போதுதான் ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான இரு சேனல்களும் (தரவுப் பாதைகளும்) இயங்கும். நான்கு துளை உள்ள போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். பிறகு, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் பயாஸில் இயக்க வேண்டும். இல்லையேல் 3200 என்று வாங்கிய ரேம் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். சேமிப்புக்கு 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. வாங்குங்கள், 500 ஜி.பி. நான்கைந்து பெரிய விளையாட்டுகளிலேயே நிரம்பிவிடும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில், அதாவது கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியில், மிச்சம் பிடிக்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் ஆகட்டும், வேறு ஊரில் ஆகட்டும், கேபினட்டுடன் இலவசமாகத் தரப்படும் எஸ்.எம்.பி.எஸ். கேமிங் கணினிக்கு உரியதன்று. மேலே சொன்ன ஆர்.எக்ஸ் 6600 கணினி முழுச் சுமையிலும் 300 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆயினும் நல்ல நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தரச் சான்று உள்ளதை எடுப்பதே என் பரிந்துரை. 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே குறிக்கும், பாதுகாப்பை அன்று. ஆகவே உத்தரவாத ஆண்டுகளையும் பாருங்கள். பிராசஸருக்கான எட்டு முனைக் கம்பியும் கார்டுக்கான எட்டு முனைக் கம்பியும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். முதலாவது 4+4 என்றும் இரண்டாவது 6+2 என்றும் பிரியும். அழுத்திச் செருக வேண்டியிருந்தால் கம்பி மாறியிருக்கிறது என்று கொள்ளுங்கள். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருந்தால் போதும், வண்ண விளக்குகள் உங்கள் விருப்பம்.

ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசை எண் அச்சிட்ட ஜி.எஸ்.டி. ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது வேண்டாமென்றால் விலை குறையும் என்று சொல்லும் கடையில், உத்தரவாதமும் குறைந்துபோகும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் மீண்டும் மீண்டும் வந்தன. கார்டு செருகியும் விளையாட்டு ஓடவில்லை, அல்லது திரையே வரவில்லை என்பவர்கள், மானிட்டர் கம்பி மதர்போர்டின் துளையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கார்டின் துளையில்தான் இருக்க வேண்டும். வீட்டிலுள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குமா என்பது அடுத்த கேள்வி. அத்தகைய யு.பி.எஸ்.களில் பெரும்பாலானவை 360 வாட் வரை தரக்கூடியவை. ஆகவே மானிட்டரும் சேர்ந்த இந்தக் கணினியை, ஆட்டத்தைச் சேமித்து முறையாக அணைக்கும் சில நிமிடங்களுக்குத் தாங்கும். பயாஸ் புதுப்பிக்கும்போது அது இணைப்பில் இருக்கட்டும்.