பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு அசல் சஸ்பென்ஷன் பாகங்கள் தேடுவோருக்கு

1989 முதல் 1997 வரை தயாரான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு அசல் சஸ்பென்ஷன் பாகங்களைத் தேடுவோர், பாகத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், சேசிஸ் எண்ணைக் கொடுத்து உரிய பாக எண்ணை முதலில் பெறுவதே நல்லது. ஏனெனில் அதே காரின் சில வகைகளில் சாதாரண ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாக பில்ஸ்டைன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஷாக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. மஸ்டாவின் பாக எண்ணில் முதல் நான்கு இடங்களில் உள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் அடுத்து வரும் 34 முன்பக்க சஸ்பென்ஷனையும், 28 பின்பக்கத்தையும் குறிக்கும் என்பதால், விற்பவர் மாற்றிக் கொடுத்தாலும் உடனே கண்டுகொள்ளலாம்.

சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் உருளைகளான ரப்பர் புஷ்களில் மட்டும் மிகவும் கண்டிப்பாக இருங்கள். பிரிக்கப்படாத அசல் உறையில் இருந்தாலும், இருபது ஆண்டுகள் கிடங்கில் கிடந்த ரப்பர் இறுகி வெடித்திருக்கக்கூடும். ஆகவே பணம் கொடுக்குமுன் விளிம்புகளின் தெளிவான படத்தைக் கேட்டுப் பாருங்கள். பொருத்தும்போது, கார் தன் சக்கரங்களில் நின்று எடை இறங்கிய பிறகே புஷ் போல்ட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரங்கள் தொங்கும் நிலையில் முறுக்கினால், அரும்பாடுபட்டுத் தேடிய புதிய ரப்பரும் விரைவில் கிழிந்துவிடும்.