ஸ்கீ வாடகைக்கு எடுக்கும் முன் காலை அளந்துகொள்ளுங்கள்

குல்மார்க் போகிறோம், ஸ்கீ கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம், நல்ல ஜாக்கெட் எங்கே கிடைக்கும்? சேலம் முதல் அக்ரகாரத்தில் இருக்கும் எங்கள் கடைக்கு வருகிற பையன்கள் சிலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஜாக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். பனிச்சறுக்கில் உங்களைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் பூட்தான். செருப்பு விற்கிறவன் வேறென்ன சொல்வான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு அங்கே போய்க் கற்றுக்கொண்டவனாகவும் அதையேதான் சொல்வேன்.

முதல்முறை என்றால் காஷ்மீரில் குல்மார்க், இல்லையென்றால் உத்தராகண்டில் ஔலி. ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். குல்மார்க்கில் மத்திய அரசின் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஔலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் வகுப்பு நடத்துகிறது. தனியார் பயிற்சியாளர்களும் உண்டு. குல்மார்க்கே சுமார் 2,650 மீட்டர் உயரம். நம் ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டித்தான். அதனால் போய்ச் சேர்ந்த நாளில் அலையாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். கொண்டோலா என்ற ரோப் காரில் ஏறி உச்சிக்குப் போய்ச் சறுக்க ஆசை வரும். அந்தச் சரிவு தேர்ந்தவர்களுக்கானது. நமக்குக் கீழே, சின்னப் பிள்ளைகள் விழுந்து எழும் மேடு போதும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொடைக்கு வேலை கொடுங்கள். முழங்காலை மடித்தபடியே நிற்கும் விளையாட்டு இது. அம்மாப்பேட்டை குமரகிரி கோயில் படிகளில் ஏறுவதைவிட நிதானமாக இறங்குவதுதான் இதற்கு நல்ல பயிற்சி. இறங்கும்போதுதான் தொடை உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது.

துணி விஷயத்தில் ஒன்றே ஒன்று: பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைத்துவிடும். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு பருத்தியைக் குறை சொல்லக் கூடாதுதான், ஆனால் அங்கே பாலியெஸ்டரோ கம்பளியோதான் சரி. கையுறை நீர் புகாததாக இருக்கட்டும். புதுப்பனி வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும்; சன்ஸ்கிரீனும் கண்ணை மூடும் காகிளும் இல்லாமல் இறங்காதீர்கள்.

இனி பூட். நம் ஊர் 7, 8, 9 நம்பர் அங்கே உதவாது. ஸ்கீ பூட்டின் அளவு பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். வீட்டிலேயே அளந்துவிடலாம். மாலை நேரத்தில், குதிகால் சுவரில் ஒட்ட, இரண்டு காலிலும் எடை போட்டு நின்று, நீளமான விரல் வரை அளக்க வேண்டும். இரண்டு காலையும் அளக்க வேண்டும், ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருப்பது சகஜம். 8 நம்பர் போடுகிறவருக்குப் பெரும்பாலும் 26.5 அல்லது 27 வரும்.

வாடகைக் கடையில் கூட்டம் இருந்தால் பெரிய சைஸைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். என் கால் 26.5. ஒரு கடையில் 28-ஐ நீட்டி, "ஆராம் ரஹேகா பாய்", வசதியாக இருக்கும் அண்ணே, என்றார்கள். ஆராமாகத்தான் இருக்கும், கடைக்குள் நிற்கும் வரை. வெளியே போய் நீங்கள் காலைத் திருப்பினால் பூட்டுக்குள் பாதம் மட்டும் திரும்பும், ஸ்கீ திரும்பாது. அதனால் பூட்டுக்குள் இருக்கும் மெத்தென்ற உள்ளுறையை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுங்கள். கால்விரல் முன்னால் லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் கைவிரல் ஒன்றரை, இரண்டு நுழையும் இடம் இருந்தால் சரி. மூன்று விரல் போனால் வேண்டாம். உள்ளுறையை மாட்டி, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, பக்கிள்களைப் போடுங்கள். நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கம் உரச வேண்டும். முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் விரல் விடுபட வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. பத்து நிமிடம் போட்டபடியே நில்லுங்கள். இறுக்கம் இருக்கலாம். ஒரே இடத்தில் குத்தினால் வேறு ஜோடி கேளுங்கள்.

செருப்பிலேயே வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும். அதற்காக நீளமானதை எடுக்காதீர்கள், அகலமானதைக் கேளுங்கள். சாக்ஸ் ஒன்றுதான், முழங்கால் வரை, மெல்லியதாக. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். தெர்மல் பேண்ட்டின் நுனியைக்கூடப் பூட்டுக்குள் திணிக்காதீர்கள்.

ஸ்கீ பலகை நிறுத்தினால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வந்தால் போதும். மென்மையாக வளைவதாக, ஓரத்து இரும்பு துருவோ உடைசலோ இல்லாததாகப் பாருங்கள். பைண்டிங் என்பது பூட்டைப் பலகையோடு பிடித்து, விழும்போது விட்டுவிடும் கொக்கி. அதை உங்கள் எடை, உயரம், வயது, திறமை, பூட் அடியின் நீளம் எல்லாம் பார்த்துத்தான் திருகி வைக்க வேண்டும். எடையைக் குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள், புதியவன் என்பதை மறைக்காதீர்கள். விட வேண்டிய நேரத்தில் விடவில்லையென்றால் முழங்கால் போய்விடும். பூட்டும் பலகையும் ஒரே கடையில் எடுங்கள். மறுநாள் பூட்டை மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி வைக்கச் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டைக் கேட்டு வாங்குங்கள். கைக்கோலைத் தலைகீழாகப் பிடித்து, நுனிப் பக்கம் இருக்கும் வட்டுக்குக் கீழே பற்றினால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும்.

சரி, பனியில் இறங்கியாயிற்று. பூட் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டுப் பைண்டிங்கில் மிதியுங்கள். முதலில் ஒரு காலில் மட்டும் மாட்டித் தள்ளித் தள்ளி நடங்கள். விழத்தான் போகிறீர்கள், மேட்டுப் பக்கமாக, பக்கவாட்டில் உட்காருவதுபோல விழுங்கள். எழும்போது பலகைகள் சரிவுக்குக் குறுக்கே, உங்களுக்குக் கீழே இருக்கட்டும். அப்புறம் பிரேக்: முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள் ஓரங்களை அழுத்துவது. பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், அங்கேதான் பிடி போகிறது. முழங்கால் எலும்புக்குக் கீழே உள்ள முன்கால் பூட்டின் முன்பக்கத்தை எப்போதும் அழுத்தியபடி இருக்கட்டும். இடப்பக்கம் திரும்ப வலது காலில் எடை, வலப்பக்கம் திரும்ப இடது காலில். ஏற்காட்டுச் சாலை கொண்டை ஊசி வளைவுகளில் மலையைக் குறுக்கே வெட்டி இறங்குவது மாதிரி நீங்களும் சரிவைக் குறுக்கே கடந்து, திரும்பி, மறுபடி கடந்து இறங்க வேண்டும். உங்களுக்குக் கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை. பின்னால் வரும் நீங்கள் அவர் கண்ணில் படமாட்டீர்கள். மேட்டின் மேலே இழுத்துச் செல்லும் லிஃப்ட்டில் உட்காரப் பார்க்காதீர்கள், நின்றபடியே இழுபட வேண்டும்.

சாயங்காலம் பூட்டை அறைக்குள் கொண்டுவந்து, உள்ளுறையை வெளியே எடுத்துக் காய வையுங்கள். ஹீட்டருக்கு ஒட்டினாற்போல் வேண்டாம். வெளித் திண்ணையில் விட்டால் பிளாஸ்டிக் விறைத்துப்போய், காலையில் கால் நுழையாது.