பழைய மோடத்துக்கு நாமே ஒரு டயல்-அப் இணைப்பு கொடுப்பது எப்படி

அக்கா எனக்குக் கொடுத்த விண்டோஸ் 98 கணினி இன்னும் நன்றாக ஓடுகிறது. அதில் டயல்-அப் நெட்வொர்க்கிங் (தொலைபேசி எண்ணை அழைத்து இணையத்தில் சேரும் முறை) பெட்டியைத் திறந்தால், அவள் அந்தக் காலத்தில் சேமித்துவைத்த மூன்று இணைப்புகள் அப்படியே இருக்கும். மூன்றும் அப்போது சில நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்த இணைப்புகள். பெயரைச் சொடுக்கினால் எண் தெரியும், பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறிகள் தெரியும். எடுத்துப் பேசத்தான் மறுமுனையில் யாரும் இல்லை.

உங்களிடமும் இப்படி ஒரு பழைய கணினியும், அதைத் தொலைபேசி வயர் வழியே பேசவைக்கும் மோடமும் இருந்தால், அதை மறுபடி இணையத்தில் ஏற்றலாம். மறுமுனையில் இருக்கவேண்டிய நிறுவனமாக நாமே மாறிவிடுவதுதான் வழி. தேவையானவை: இன்னொரு மோடம், லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன கணினி, கொஞ்சம் வயர், ஒரு மாலைப்பொழுது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய இணைப்பில் இருக்கும் எண்ணைத் தயவுசெய்து டயல் செய்து பார்க்காதீர்கள். கைவிடப்பட்ட எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடும். நடுராத்திரியில் யாரோ ஒருவர் போனை எடுத்து உங்கள் மோடத்தின் கூச்சலைக் கேட்க நேரும்.

அந்த இலவச நிறுவனங்கள் ஏன் போயின என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கீழே நாம் செய்யப்போகும் வேலையில் அந்தக் காரணம் கண்ணெதிரே தெரியும். 1998 செப்டம்பரில் பிரிட்டனில் டிக்ஸன்ஸ் கடைக்குழுமம் ஃப்ரீசர்வ் என்ற இலவச இணைய இணைப்புச் சேவையைத் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது. ஆனால் அங்கே உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் கட்டணம் உண்டு, அதில் ஒரு பங்கு ஃப்ரீசர்வுக்குப் போனது. அடுத்த மாதமே அமெரிக்காவில் நெட்ஸீரோ வந்தது. அமெரிக்க வீடுகளில் உள்ளூர் அழைப்புக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. பங்கு போட அழைப்புப் பணம் இல்லாததால், திரையை விட்டு அகலாத ஒரு விளம்பரப் பட்டையை மட்டுமே அது நம்பியிருந்தது. ஜூனோ, ஸ்பின்வே, ஃபர்ஸ்ட்அப் என்று வரிசையாக வந்தவர்களும் அதே வழிதான். 2000இல் இணைய விளம்பரப் பணம் வற்றியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்பின்வேயும் ஃபர்ஸ்ட்அப்பும் கடையைக் கட்டின. நெட்ஸீரோ இலவசத்தை மாதம் 40 மணி நேரமாகக் குறைத்தது, பிறகு 10 மணி நேரமாக்கியது. 2001 செப்டம்பரில் ஜூனோவுடன் சேர்ந்து யுனைடெட் ஆன்லைன் ஆனது. காசு வாங்கிக்கொண்டு நடத்திய ஏஓஎல்லும் 2025 செப்டம்பர் 30 அன்று டயல்-அப்பை நிறுத்திவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

மறுமுனைக்கு வாங்கும் மோடம் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கணினியின் உள்ளே செருகும் மலிவு மோடங்களில் பலவும் பாதி வேலையை விண்டோஸ் மென்பொருளிடம் தள்ளிவிடுபவை, லினக்ஸில் அவற்றோடு மல்லுக்கட்டவேண்டியிருக்கும். எல்லா வேலையையும் தானே செய்யும் வெளி மோடம்தான் நல்லது. சீரியல் போர்ட் இருந்தால் பழைய யுஎஸ் ரோபாட்டிக்ஸ் பெட்டி ஒன்று போதும். யுஎஸ்பி வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் 5637 மாடல் லினக்ஸில் தனி டிரைவர் எதுவும் இல்லாமல் வேலை செய்யும். செருகியதும் மினிகாம் போன்ற ஒரு டெர்மினல் மென்பொருளைத் திறந்து, ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். ஓகே என்று பதில் வந்தால் மோடம் உயிரோடு இருக்கிறது. இனி நான் சொல்லும் மோடம் கட்டளைகள் எல்லாம் இந்த ஏடியில்தான் தொடங்கும்.

இப்போது இரண்டு மோடங்களையும் இணைக்கவேண்டும். ஒரு போன் வயரின் இரு முனைகளையும் இரண்டிலும் செருகினால் போதும் என்று தோன்றும். சில சமயம் அதுவே வேலை செய்யும், பெரும்பாலும் செய்யாது. உண்மையான தொலைபேசி இணைப்பில் எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட் மின்சாரம் தருகிறது. ரிசீவரை எடுத்ததும் அந்த வட்டத்தில் ஒரு சிறு மின்னோட்டம் ஓடும், மோடம் அதை எதிர்பார்த்துத்தான் இருக்கிறது. வெறும் வயரில் அது கிடையாது. எளிய மாற்று ஒன்று உண்டு. வயரின் நடுவே இருக்கும் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் வெட்டி, வெட்டிய இரு முனைகளுக்கு இடையே ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் 300 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரையும் தொடராக வைத்துச் சேருங்கள். எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்ற கவலை வேண்டாம், மோடத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு ஒரு பேட்டரியில் மோடம் முரண்டு பிடித்தது, இரண்டைச் சேர்த்து 18 வோல்ட் ஆக்கியதும் ஒழுங்காக எடுத்தது.

இந்த வயரை எக்காரணம் கொண்டும் சுவரில் இருக்கும் உண்மையான போன் இணைப்பில் செருகிவிடக் கூடாது. மணி அடிக்கும்போது அதில் ஏறத்தாழ 90 வோல்ட் மாறுமின்னோட்டம் வரும். நான் பேட்டரி வயரின் இரு முனைகளிலும் சிவப்பு டேப் சுற்றிவைத்திருக்கிறேன்.

பேட்டரி வழியில் டயல் டோனும் கிடையாது, மணியும் அடிக்காது. அதனால் அழைக்கும் மோடத்திடம் டயல் டோனுக்குக் காத்திருக்காதே என்று சொல்லவேண்டும். அதற்கான கட்டளை எக்ஸ்3. விண்டோஸ் 98இல் கண்ட்ரோல் பேனல், மோடம்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், கனெக்‌ஷன், அட்வான்ஸ்டு என்று போனால் எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுதிவிடுங்கள். மறுபக்க மோடத்துக்கு மணி கேட்காது, நாமே ஏடிஏ என்று கட்டளை கொடுத்துத்தான் போனை எடுக்கச் சொல்லவேண்டும்.

டோனும் மணியும் அசல் போலவே வேண்டும் என்றால், இரண்டு போன் துளைகள் உள்ள இணையத் தொலைபேசி அடாப்டர் ஒன்று வாங்கி, ஒரு துளையிலிருந்து மறுதுளையை அழைக்கும்படி அமைக்கலாம். மின்னழுத்தத்தையும் அதுவே தந்துவிடும். இங்கேதான் நான் இரண்டு வாரம் தொலைத்தேன். இணைப்பு ஏற்படும், ஐந்து நிமிடம் அருமையாக ஓடும், திடீரென்று அறுந்துவிடும். மோடத்தை மாற்றினேன், வயரை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் அடாப்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மனிதக் குரலுக்காகச் செய்த பெட்டி அது: எதிரொலியை நீக்கும், மௌனம் என்று தோன்றினால் அனுப்புவதை நிறுத்தும், தாமதத்தை அவ்வப்போது கூட்டிக் குறைக்கும். மோடத்துக்கு இவை எல்லாமே விஷம். அடாப்டரின் அமைப்புப் பக்கத்தில் ஜி.711 கோடெக்கை (ஒலியை எண்களாக்கும் முறை) மட்டும் வைத்து, எக்கோ கேன்சலேஷனையும் சைலன்ஸ் சப்ரஷனையும் நிறுத்தி, தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜிட்டர் பஃபரை மாறாத அளவில் வையுங்கள். அதன் பிறகு எனக்கு ஒரு முறைகூட அறுந்ததில்லை.

அடுத்தது லினக்ஸ் பக்கம். போனை எடுத்த பிறகு இணையம் கொடுப்பது பிபிபிடி என்ற நிரல். அதற்குச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான்: எந்த போர்ட், வேகம் 115200, வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல், தன் பக்கத்துக்கு ஒரு ஐபி முகவரி, அழைப்பவருக்கு ஒன்று, டிஎன்எஸ் சர்வரின் முகவரி. நான் 192.168.32.1, 192.168.32.2 என்று வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு ரவுட்டர் பயன்படுத்தும் வரிசையோடு மோதாமல் பார்த்துக்கொண்டால் சரி. வீட்டுக்குள் நாம் மட்டுமே அழைக்கப்போவதால் நோஆத் என்று போட்டு பாஸ்வேர்டு சோதனையைத் தவிர்க்கலாம். பேட்டரி வயர் என்றால் சாட் என்ற துணை நிரலை ஏடிஏ அனுப்பிவிட்டு கனெக்ட் என்ற சொல்லுக்காகக் காத்திருக்கச் சொல்லுங்கள், காத்திருப்பு நேரத்தை 60 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். அடாப்டர் என்றால் எம்கெட்டி என்ற நிரல் மணியைக் கேட்டு, எடுத்து, வேலையைப் பிபிபிடியிடம் ஒப்படைத்துவிடும். கடைசியாக ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, ஃபயர்வாலில் மாஸ்கரேட் விதி ஒன்றைச் சேருங்கள். அப்போதுதான் பழைய கணினி வீட்டு இணையம் வழியாக வெளியே போகமுடியும்.

விண்டோஸ் பக்கம் புதிதாக ஓர் இணைப்பு உருவாக்கி, எண்ணுக்கு 1 என்று மட்டும் போடுங்கள் (அடாப்டர் என்றால் மறுதுளையின் எண்). சர்வர் டைப்ஸ் பகுதியில் டிசிபி/ஐபியை மட்டும் வைத்து மற்ற இரண்டு நெறிமுறைகளையும் எடுத்துவிடுங்கள். லாக் ஆன் டு நெட்வொர்க் என்ற கட்டத்தையும் எடுத்துவிட்டால் இணைப்பு சீக்கிரம் முடியும்.

இனி கனெக்ட் பொத்தானை அழுத்தலாம். பேட்டரி வயரில் முதலில் விண்டோஸில் அழுத்திவிட்டு, உடனே லினக்ஸில் பிபிபிடியைக் கிளப்பவேண்டும். மோடத்தின் முகப்பைப் பாருங்கள். ஓஎச் விளக்கு எரிந்தால் போன் எடுக்கப்பட்டுவிட்டது. பிறகு மறுமுனையிலிருந்து நீண்ட ஒரு ஊதல் வரும். 2100 ஹெர்ட்ஸ் ஒலி அது. காதைத் தீட்டிக் கேட்டால் அரை நொடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அது ஒவ்வொரு முறையும் சொடுக்கிக்கொள்வது தெரியும். வழியில் எதிரொலி நீக்கும் கருவி ஏதாவது இருந்தால் ஒதுங்கிக்கொள் என்று அதற்குச் சொல்லும் அடையாளம் அந்தச் சொடுக்கு. அப்புறம் இரண்டும் தங்கள் தங்கள் திறமையைச் சொல்லிக்கொள்ளும், வயரின் தரத்தை அளந்து பார்க்கும், கடைசியில் மழை இரைச்சல் போல ஒன்று எழும். சட்டென்று மௌனம். இணைப்பு கிடைத்துவிட்டதைக் காட்டும் சிடி விளக்கு நிலையாக எரியும். நான் இதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், இன்னமும் அந்த மௌனம் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

வேகம் 33,600 என்று காட்டினால் அதுவே உச்சம், 56கே ஏன் வரவில்லை என்று தேடாதீர்கள். 56கே என்பது மறுமுனை நேராக டிஜிட்டல் இணைப்பில் இருந்தால் மட்டும் கிடைப்பது. நிறுவனங்கள் அப்படி வைத்திருந்தன, நம்மிடம் இருப்பது இரண்டு சாதாரண மோடங்கள். 33,600 என்றால் நொடிக்கு ஏறத்தாழ 4 கிலோபைட். ஒரு மெகாபைட் இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அதனால் எதைத் திறக்கிறோம் என்பது முக்கியம். இன்றைய தளங்கள் கேட்கும் குறியாக்கம் பழைய ப்ரவுசருக்குத் தெரியாது, பலவும் திறக்கவே திறக்காது. ஃப்ராக்ஃபைண்ட் என்ற தேடல் தளம் பழைய கணினிகளுக்கென்றே செய்தது, பக்கங்களை வெறும் எழுத்தாக்கிக் கொடுக்கும். அதே லினக்ஸ் கணினியில் டபிள்யூஆர்பி என்ற ப்ராக்ஸியை (இடையில் நின்று பக்கத்தை வாங்கித் தரும் நிரல்) போட்டால், பக்கத்தை அங்கேயே வரைந்து படமாக அனுப்பும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் பாஸ்வேர்டு எதையும் அந்தக் கணினியில் தட்டாதீர்கள். விண்டோஸ் 98க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2006இலேயே நின்றுவிட்டன.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் உங்கள் மேசையை ஒருமுறை பாருங்கள். ஒரு ஆள் இணையத்தில் இருக்கிறார். அவருக்காக இந்தப் பக்கம் ஒரு மோடம், ஒரு இணைப்பு முழுதாகப் பிடிபட்டிருக்கிறது. அவர் எதையும் படிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இன்னொருவர் இதைப் பயன்படுத்த முடியாது. இலவச நிறுவனங்களுக்கு இதே கணக்கு லட்சக்கணக்கில் இருந்தது. விளம்பரத்தைப் பார்க்காமல் எழுந்து போனவரும் ஒரு போர்ட்டை அடைத்துக்கொண்டுதான் போனார், அந்த போர்ட்டுக்கு நிறுவனம் பணம் கட்டிக்கொண்டிருந்தது. மாதம் 10 மணி நேரம் என்ற வரம்பு அந்த நாளில் எனக்கு ஆத்திரத்தைத் தந்தது. இந்த மோடத்தின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அதன் காரணம் எனக்குப் புரிந்தது.

பிபிபிடியில் ஐடில் என்று ஒரு வரி சேர்த்து 600 என்று போட்டால், பத்து நிமிடம் எதுவும் ஓடாதபோது இணைப்பைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் இரண்டு மூன்று பழைய கணினிகள் ஒரே மோடத்துக்குப் போட்டி போட்டால் அதை வையுங்கள். என் கோப்பில் அந்த வரி இல்லை. அக்கா வரும்போது அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து ஒரே பக்கத்தை அரை மணி நேரம் படிப்பாள், அதுவரை சிடி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.