போர்க்களச் செய்தி எழுதி அனுப்பப் பழகுவது எப்படி?

ராணுவத்தில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் கோபிசெட்டிபாளையத்துக்கு வந்தபின், ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் தம்பிகளுக்கு ஞாயிறுதோறும் இதைச் சொல்லித் தருகிறேன். ஓட்டமும் தண்டாலும் சீக்கிரம் வந்துவிடுகின்றன. நாலு வரிச் செய்தி எழுதத்தான் திணறுகிறார்கள்.

முதலில் பென்சில் எடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம், ஈரத்தாளில் எழுதாது.

மேலே யாருக்கு, யாரிடமிருந்து, எவ்வளவு அவசரம், தேதி, நேரம். 14ஆம் தேதி காலை 6.35 என்றால் 140635. கீழே எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், எங்கே, என்ன உடை, எப்போது பார்த்தீர்கள், கையில் என்ன ஆயுதம். அவ்வளவுதான்.

இதில் 'எங்கே' என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு பயிற்சியில் 'பாலத்துக்கு வலப்புறம்' என்று எழுதினேன். நான் வடகரையில் இருந்தேன், செய்தி வாங்கியவர்கள் தென்கரையிலிருந்து வந்தார்கள். அவர்களுடைய வலப்புறம் வேறு. இரண்டு மணி நேரம் தப்பான பக்கத்தில் இருட்டில் காத்துக்கிடந்தார்கள்.

போன வாரம் ஒரு தம்பி 'காட்டுக்குள் மூன்று பேர்' என்று எழுதினான். நமக்குக் காடு என்றால் சோளம் விதைக்கிற பூமி. வெளியூர்க்காரர் படித்தால் மரம் அடர்ந்த வனத்தைத் தேடுவார். 1854இல் கிரிமியப் போரில் பாலக்லாவா என்ற இடத்தில் நடந்ததும் இந்த வகைதான். மேட்டில் நின்ற பிரிட்டிஷ் தளபதி ராக்லன், எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க ஆணை அனுப்பினார். பள்ளத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியவில்லை. 600க்கும் மேற்பட்ட குதிரைவீரர்கள் வேறு பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். 100 பேருக்கு மேல் செத்தார்கள்.

ஆகவே இடது, வலது வேண்டாம். நம் பெரியவர்கள் 'மேக்கால, தெக்கால' என்றுதானே வழி சொல்வார்கள்? அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது வரைபடக் கட்ட எண். 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. கட்டம் ஒரு கிலோமீட்டர். ஓர் அட்டையின் விளிம்பில் 2 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டால் ஒவ்வொன்றும் 100 மீட்டர். கடையில் விற்கும் பிளாஸ்டிக் அளவுகோலைவிட எனக்கு இந்த அட்டைதான் பிடிக்கும். கட்ட எண்ணைப் படிக்கும்போது முதலில் கிழக்கே நகருங்கள், அப்புறம் வடக்கே ஏறுங்கள். மாற்றிப் படித்தால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள்.

சரி, ரேடியோவில் அனுப்புவது. முழுதும் எழுதி முடித்தபின்தான் பேசும் பட்டனைத் தொடவேண்டும். வேறு யாரும் பேசவில்லையா என்று காது கொடுத்துக் கவனியுங்கள். அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். 15ஐ 'ஒன் ஃபைவ்' என்று சொல்லுங்கள், இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகக் கேட்கும். பதில் வேண்டுமென்றால் 'ஓவர்', முடிந்தால் 'அவுட்', இரண்டையும் சேர்க்காதீர்கள். கேட்கவில்லையா, 'சே அகெய்ன்'. 'ரிபீட்' சொல்லாதீர்கள், பீரங்கிப் படையில் அது மறுபடி சுடச் சொல்லும் ஆணை.

பிற்சேர்க்கை: 'போனில் லொகேஷன் அனுப்பினால் ஆகாதுங்களா?' என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஆகாது கண்ணு. போன் விடும் அலையை வைத்தே எதிரி உங்கள் இடத்தைக் கண்டுபிடிப்பான். ரேடியோவுக்கும் அதே ஆபத்து உண்டு, அதனால்தான் செய்தியை நாலு வரியில் முடிக்கச் சொல்கிறேன்.