ஹல்லைச் சுற்றி எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கப்பல் சிமுலேஷனுக்கு டொமைன் அமைப்பது எப்படி

கணினியில் நீரோட்டத்தைக் கணக்கிடும் கப்பல் சிமுலேஷனுக்குப் புதிதாக வருபவர்கள் மெஷ்ஷுக்குத்தான், அதாவது இடத்தைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரிக்கும் வலைக்குத்தான், மெனக்கெடுவார்கள். டொமைனை, அதாவது ஹல்லை (கப்பலின் உடலை) சுற்றிக் கணக்கில் எடுக்கும் தண்ணீரையும் காற்றையும், ஒரு பெட்டியாகச் சட்டென்று வரைந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் பெட்டி தப்பாக இருந்தால் நல்ல மெஷ்ஷும் வீண்தான். பெட்டியின் அளவைத் தீர்மானிக்கக் கப்பலின் நீளம் மட்டும் போதாது, அது எழுப்பும் அலையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழகுவதற்கு, ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் கேசிஎஸ் (KCS) என்ற கன்டெய்னர் கப்பல் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். இழுவைத் தொட்டியில் அளந்த தரவு பொதுவில் கிடைப்பதால் நம் விடையைச் சரிபார்க்கலாம். 230 மீட்டர் கப்பலின் 1:31.6 மாடல் இது. நீளம் 7.28 மீட்டர், அமிழும் ஆழம் 0.342 மீட்டர், வேகம் நொடிக்கு 2.196 மீட்டர்.

1. ஹல்லை உள்ளே கொண்டுவருதல்

ஹல்லின் வடிவம் இருக்கும் எஸ்டிஎல் (STL) கோப்பில் அலகு இருக்காது. மில்லிமீட்டரில் வரைந்திருந்தால் 7280 மீட்டர் கப்பல் வந்து நிற்கும், அதனால் முதலில் நீளத்தைப் பாருங்கள். அப்புறம், உயரத்தின் பூஜ்யம் கீலில் (ஹல்லின் அடிமட்டத்தில்) இருக்கிறதா, நீர்மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை, பூஜ்யம் கீலில் இருந்த ஹல்லுக்கு நீர்மட்டத்தையும் பூஜ்யம் என்றே கொடுத்துவிட்டேன். இரவு முழுக்க ஓடிய பிறகு பார்த்தால் கப்பல் தண்ணீருக்கு மேலே நிற்கிறது, எதிர்ப்பு விசை ஏறக்குறைய இல்லை. இப்போதெல்லாம் தண்ணீரையும் காற்றையும் வண்ணத்தில் பிரித்துப் பார்க்காமல் ரன் கொடுப்பதில்லை.

நேர்கோட்டில் போகும் வெற்று ஹல் என்றால் பாதியை மட்டும் வைத்து, நடுத்தளத்துக்குச் சமச்சீர் நிபந்தனை (மறுபாதியும் கண்ணாடிப் பிம்பம்போல இதேதான் என்று சொல்வது) கொடுங்கள். செல் எண்ணிக்கை பாதியாகும். புரொப்பெல்லர் சுழன்றாலோ, கப்பல் சாய்வாகப் போனாலோ முழு டொமைன்தான்.

2. அலையை அளத்தல்

கப்பலோடு கூடவே வரும் குறுக்கலையின் (முகடு பாதைக்குக் குறுக்காக இருக்கும் அலையின்) நீளம்: 6.283 × 2.196² ÷ 9.81 = 3.09 மீட்டர். இதில் 6.283 என்பது 2π, 2.196 வேகம், 9.81 புவியீர்ப்பு முடுக்கம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மேலும் இரண்டு இடங்களில் தேவைப்படும். நீர்ப்பரப்பில் ஓர் அலைநீளத்துக்குக் குறைந்தது 40 செல் என்ற கணக்கும் இதிலிருந்துதான் வரும்.

3. பெட்டியின் அளவு

அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, முன்னால் 1.5 கப்பல் நீளம், சுமார் 11 மீட்டர். பின்முனைக்குப் பின்னால் 3 நீளம், சுமார் 22 மீட்டர். மேலே காற்றுக்கு 5 மீட்டர் போதும்.

பக்கவாட்டை ஒரு கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். ஆழ்நீரில் கப்பலின் அலைகள் ஒவ்வொரு பக்கமும் 19.47 டிகிரிக்குள் விரியும், வேகம் எதுவானாலும் சரி. கெல்வின் கண்டுசொன்ன கோணம் இது. அணியத்திலிருந்து அவுட்லெட் (தண்ணீர் வெளியேறும் பின்பக்கம்) வரை 29 மீட்டர், அதை அந்தக் கோணத்தின் டேன் (tan) மதிப்பான 0.354 ஆல் பெருக்கினால் 10.3 மீட்டர். பக்கச் சுவரை 11 மீட்டரில் வைத்தால் அலை சுவரைத் தொடாமலே வெளியேறிவிடும்.

அடித்தளத்தில் பலர் ஏமாறுவார்கள். அரை அலைநீள ஆழத்திலேயே அலையின் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதில் 4 சதவீதமாகக் குறைந்துவிடும். அப்படியானால் 2 மீட்டர் போதுமே என்று தோன்றும். போதாது. ஹல் ஒதுக்கித் தள்ளும் தண்ணீர் அதைவிட ஆழமாகப் பரவும். இடம் நெருக்கினால் ஓட்டம் வேகமெடுத்து எதிர்ப்பு விசை கூடிக் காட்டும். இங்கும் 11 மீட்டர் கொடுங்கள்.

4. எல்லை நிபந்தனைகள்

இன்லெட்டில், அதாவது தண்ணீர் நுழையும் முன்பக்கத்தில், வேகமும் நீர்மட்டமும். ஹல் வழுக்காத சுவர், அதாவது அதைத் தொடும் தண்ணீர் அதோடு ஒட்டியே நிற்கும். அடியும் பக்கமும் சமச்சீர் தளம், மேலே வளிமண்டல அழுத்தம். அவுட்லெட்டில் நீர்நிலை அழுத்தம் (ஆழத்துக்கேற்பக் கூடும் அழுத்தம்) கொடுத்தால், இன்லெட்டின் நீர்மட்டத்தோடு அது துல்லியமாகப் பொருந்த வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தாலும் தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டே போகும், பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

அவுட்லெட்டுக்கு முந்தைய இரண்டு அலைநீளத்தில், அதாவது 6 மீட்டரில், அலைத் தணிப்பு, அதாவது அலை மோதித் திரும்பாமல் அடக்கும் ஏற்பாடு, வையுங்கள். அந்தப் பகுதியில் செல்களை நீளவாக்கில் படிப்படியாகப் பெரிதாக்கினால் இன்னும் நல்லது.

5. ஓடத் தொடங்கியதும்

எதிர்ப்பு விசையின் வரைபடம் மேலும் கீழும் ஆடும். பயந்து மெஷ்ஷை மாற்றாதீர்கள். முதலில் இரண்டு முகடுகளுக்கு இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். கப்பல் திடீரென்று கிளம்பும்போது எழும் அலைகளால் வரும் ஆட்டத்தின் காலம்: 25.13 (அதாவது 8π) × வேகம் ÷ 9.81. நம் மாடலுக்கு 5.6 நொடி. எண்ணியது இதை ஒட்டி வந்தால் அது இயற்பியல்தான், மெல்ல மெல்ல அடங்கும். வேகத்தைப் படிப்படியாக ஏற்றினால் ஆட்டம் குறையும். சராசரி எடுக்கும்போது முழுச் சுற்றுகளாகவே எடுங்கள்.