செம்போத்தைப் பார்த்து ஆர்க்கியாப்டெரிக்ஸ் வரைவது எப்படி?

ஆர்க்கியாப்டெரிக்ஸ் போன்ற ஆதிப்பறவைகள் என்று தேடினால் வரும் படங்களில் பாதி, பல் முளைத்த காக்காய்; மீதி, இறகு ஒட்டிய ஓணான். ஒரே ஒரு விலங்கை மாதிரியாக வைத்துக்கொண்டு வரைந்தால் இப்படித்தான் வரும். அளவுகளைப் புதைபடிவத்திலிருந்து எடுக்க வேண்டும், நடை, நிற்கும் விதம், இறகின் அடுக்கு எல்லாம் உயிரோடு இருக்கும் பறவைகளிடமிருந்து. எதை எடுக்கக் கூடாது என்பதையும் இடையிடையே சொல்கிறேன். பென்சில் பிடிப்பது, நிழல் போடுவதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை: ஒரு எச்பி, ஒரு 2பி பென்சில், டிரேசிங் பேப்பர், பிசைந்து பயன்படுத்தும் ரப்பர். மெக்கானிக்கல் பென்சில் வேண்டாம், அதன் ஒரே தடிமன் கோட்டில் எல்லா இறகும் கம்பி கம்பியாகத்தான் விழும். கணினியில் வரைபவர்களுக்கு கிரிட்டா என்ற மென்பொருளே தாராளம், அதுவும் இலவசம்.

முதலில் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் புதைபடிவத்தின் நல்ல படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் பவேரியாவில், சுமார் 15 கோடி ஆண்டு பழமையான சுண்ணாம்புக்கல்லில் கிடைத்தது, இரண்டு சிறகும் விரிந்து தெளிவாகத் தெரியும். தலை, மேல்கை, முன்கை, கை, தொடை, கணுக்கால் வரை கால், வால், இவற்றின் நீளத்தை மட்டும் டிரேசிங் பேப்பரில் கோடாக இழுத்துக்கொள்ளுங்கள். அது கிடக்கும் நிலையை அப்படியே நகலெடுக்காதீர்கள்: கழுத்து முதுகுப் பக்கம் வளைந்து கிடப்பது செத்த உடம்பு கிடக்கும் நிலை, உயிரோடு இருந்தபோது அது அப்படி நின்றிருக்காது.

நிற்பதற்கும் நடப்பதற்கும் என்னுடைய தேர்வு செம்போத்து, சில ஊர்களில் செண்பகம் என்பார்கள். அதுவும் ஆர்க்கியாப்டெரிக்ஸும் ஏறக்குறைய ஒரே நீளம், அரை மீட்டர் வரும். செம்போத்து பெரிய பறப்பாளி கிடையாது. புதரடியில் தலையைத் தாழ்த்தி, நீள வாலைத் தரைக்கு இணையாக வைத்துக்கொண்டு நடக்கும், பறந்தாலும் நாலு அடி அடித்துவிட்டு மிதந்து போய் அடுத்த புதரில் விழும். காலை வெயிலில் சிறகை விரித்து வைத்துக் குளிர் காயும்போது போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வேலைக்கு அது உதவும்.

அடுத்த வேலை சிறகு. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சிறகை முழுதாக வரைந்துவிட்டு, அப்புறம் அதன் நடுவில் மூன்று நகம் வைத்த குட்டிக் கை ஒன்றைச் சொருகிவிடுகிறார்கள். அப்படித் தனியாக ஒரு கை இல்லை, கைதான் சிறகு. சந்தேகம் இருந்தால் கறிக்கடையில் தோலோடு ஒரு கோழிச் சிறகு வாங்கி விரித்துப் பாருங்கள். மேல்கை, முன்கை, கை என்று மூன்று மடிப்பு. மணிக்கட்டுப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன முனைதான் கட்டைவிரல். பின்விளிம்புத் தோலில் பெரிய குழிகள் வரிசையாகத் தெரியும், பெரிய இறகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஆர்க்கியாப்டெரிக்ஸிலும் அதே ஏற்பாடுதான், விரல்கள் மட்டும் கோழியைப் போல் ஒட்டிப்போகாமல் தனித்தனியாக, நீளமாக, நகத்தோடு இருக்கும். அதனால் முதலில் மூன்று எலும்புக் கோடுகளை மடக்கி வரையுங்கள், பிறகு மூன்று விரல்கள், நடுவிரல்தான் நீளமானது. வெளிப்பக்கத்து நீள இறகுகள் கையிலிருந்தும் நடுவிரலிலிருந்தும் கிளம்பட்டும், உள்பக்கத்தவை முன்கையிலிருந்து. விரல்களின் மேல் சின்ன இறகுகளைப் போர்த்திவிட்டு, சிறகின் முன்விளிம்பில் நகங்களை மட்டும் வெளியே விடுங்கள். சரி, இறகின் வடிவம்? தரையில் கிடக்கும் காக்காய்ச் சிறகின் இறகு ஒன்றைப் பாருங்கள், தண்டு நடுவில் இருக்காது, முன்பக்கம் குறுகல், பின்பக்கம் அகலம். ஆர்க்கியாப்டெரிக்ஸின் பறக்கும் இறகுகளும் அப்படித்தான்.

சிறகைத் தலைக்கு மேல் புறா மாதிரி தூக்கி வரையாதீர்கள், இதன் தோள் மூட்டு அவ்வளவுக்கு இடம் கொடுக்காது. புறாவின் உப்பிய மார்பும் வேண்டாம். பறக்கும் தசை ஒட்டுகிற அந்தப் பெரிய மார்பெலும்பு இதற்கு இல்லை.

வாலுக்குச் செம்போத்து உதவாது. இன்றைய பறவைகளின் வால் இறகெல்லாம் ஒரு குட்டை முனையிலிருந்து விசிறியாக விரிகிறது. இதற்கோ பல்லி போல் நீள எலும்பு வால், அதன் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக இறகு. தென்னங்கீற்றை மனதில் வைத்துக்கொண்டு வரைந்தால் சரியாக வந்துவிடும்.

வாய்க்கு அலகு வேண்டாம். தாடை நுனி வரை சின்னச் சின்னக் கூம்புப் பற்கள், இடைவெளி விட்டு. வாயை மூடியபடி வரைவதுதான் எனக்குப் பிடிக்கும், பல்லைக் காட்டினால் உடனே சினிமா அரக்கன் வந்துவிடுகிறது. தொடையில் கழுகுக்கு இருப்பது போல் நீள இறகு போடலாம், 2014-இல் விவரிக்கப்பட்ட 11-வது புதைபடிவத்தில் கால் இறகுகள் நன்றாகவே பதிந்திருக்கின்றன. கிளையை இறுகப் பற்றிய காக்காய்க் கால் மட்டும் வேண்டாம், பின்விரல் இதற்கு முழுதாகப் பின்னால் திரும்பவில்லை. தரையில் நிற்க வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

நிறம்: 1861-இல் விவரிக்கப்பட்ட ஒற்றை இறகை ஆராய்ந்து 2012-இல் கறுப்பு என்று சொன்னார்கள். ஓர் இறகை வைத்து உடம்பு முழுவதையும் முடிவு செய்ய முடியாது, அதனால் நான் சிறகைக் கறுப்பாக்கிவிட்டு மற்றதற்குச் செம்போத்தின் செம்பழுப்பைக் கொடுக்கிறேன். மயில் பளபளப்பு வேண்டாம்.

பிற்சேர்க்கை: முழங்கைக்கும் உடம்புக்கும் நடுவே வெற்றிடம் விழுகிறது, என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் உள்ள புதைபடிவத்தை 2025-இல் விவரித்தபோது, மேல்கையை ஒட்டியும் நீள இறகுகள் இருந்தது தெரிந்தது. அந்த இடத்தில் உடம்பைத் தொடும் அளவுக்குச் சில இறகுகளைச் சேர்த்துவிடுங்கள். மையில் வரைந்து முடித்தவர்களும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை, வெற்று இடம்தானே, அதன் மேலேயே வரையலாம்.